குழாய்த் தண்ணீரும் பயமும்

குழாய்த் தண்ணீர் என்றாலே முகத்தைச் சுளிப்பது இப்போது நாகரிகமாகிவிட்டது. வசதியுள்ளவர் வீட்டுச் சமையலறைச் சுவரில் சுத்திகரிக்கும் யந்திரம் ஒன்று தொங்குகிறது. யந்திரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. அதை விற்கிறார்களே, அந்த முறையின் மீதுதான் கோபம்.

விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் நனைக்கிறார். 'டி.டி.எஸ். 450! பார்த்தீர்களா அம்மா?' என்கிறார். வீட்டம்மாள் நடுங்கிப் போகிறாள். அந்த எண் என்ன? தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவு, அவ்வளவுதான். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் விதி. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. கிருமி இருக்கிறதா என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. ஈயம் 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறார்கள். ஒன்று, இரண்டு என்று முழு மில்லிகிராமாக எண்ணுகிற கருவி அதை எங்கே கண்டுபிடிக்கப் போகிறது?

சிலர் இன்னும் துணிந்தவர்கள். தண்ணீரில் இரண்டு உலோகக் கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். குழாய்த் தண்ணீர் பழுப்பாகிறது; யந்திரத் தண்ணீர் தெளிவாக நிற்கிறது. 'இந்த அழுக்கைத்தான் குடிக்கிறீர்கள்' என்கிறார்கள். அது தண்ணீரில் இருந்த அழுக்கல்ல, ஐயா. இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு! உப்பு குறைந்த தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஆகவே கம்பியும் கரையாது. பள்ளிக்கூடத்து ரசாயனப் பாடத்தைச் செப்பிடு வித்தையாக்கிக் காசு பறிப்பதற்கு மோசடி என்றுதான் பெயர்.

அப்படியானால் குழாய்த் தண்ணீர் அமிர்தமா? இல்லவே இல்லை. நம் ஊர்களில் பெரும்பாலும் தண்ணீர் நாள் முழுவதும் வருவதில்லை. குழாய் காலியாகக் கிடக்கும் வேளையில், பக்கத்துச் சாக்கடையின் கசிவு விரிசல் வழியே உள்ளே புகுந்துவிடுகிறது. இதற்குக் காவலாகத்தான், வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். மிஞ்சுகிறதா என்று யார் கேட்கிறோம்?

யந்திரம் அவசியமான இடங்களும் உண்டு என்பார்கள். உண்மைதான். உவர்நீரையும் புளோரைடையும் காய்ச்சிப் போக்க முடியாது. ஆனால் தர்மபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரின் புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்ட ஜனங்களுக்கு எது பரிகாரமாயிற்று? ஆளுக்கொரு யந்திரம் வாங்கச் சொல்லவில்லை. ஒகேனக்கல்லிலிருந்து காவிரித் தண்ணீரையே குழாயில் கொண்டுவந்தார்கள். 2013-ல் அத்திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. பொதுக் காரியம் என்றால் அது.

யந்திரம் ஒரு லிட்டர் தருவதற்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளுகிறது. அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. மனு எழுதத் தெரிந்தவன், அதிகாரியிடம் பேசத் தெரிந்தவன், யந்திரம் வாங்கியவுடன் வாயை மூடிக்கொள்கிறான். அவன் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவளின் குழந்தை அதே குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கில் கிடக்கிறது. அவள் பேச்சை எந்த அலுவலகத்தில் கேட்கிறார்கள்?

வாங்க முடிந்தவர்கள் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் தெருத் தண்ணீரைக் கடைசியாக என்று பரிசோதித்தார்கள், குளோரின் எவ்வளவு இருந்தது, கிருமி இருந்ததா என்று நகராட்சியை எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள். வரி கட்டுகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. வாய் உள்ளவனுக்கு அந்தக் கடமையும் உண்டு.