ஊருணி போன்ற ஆய்வுக்கூடம்

சென்ற திங்களில் ஒரு மாலை, இந்தூர் நிலையத்தில் நாம் பணிபுரியும் முன்பதிவுச் சாளரத்தின் முன் ஒரு மாணவியார் வந்து நின்றார். ஊர் திரும்பும் பயணத்தை நான்கு நாள் தள்ளிப் பதிய வேண்டும் என்றார். இடமில்லை என்றோம், வழக்கம்போல் வரிசையில் அடுத்தவரை நோக்கினோம். அவர் தமக்குள் தமிழில் ஏதோ சொல்லிக்கொண்டது காதில் விழவே, திரும்ப அழைத்தோம்.

தென்தமிழ்நாட்டுக் கல்லூரி ஒன்றின் ஆராய்ச்சி மாணவியார் அவர். கையில் ஒரு சிறு டப்பி. அதனுள் மருந்து மாத்திரை அளவில் இரு கரிய வில்லைகள். உலோக ஆக்சைடுகளை அரைத்து, அழுத்தி, உலையில் சுட்டுச் செய்தவை. மூன்றாண்டு உழைப்பு! கடுங்குளிரில் அவற்றின் காந்தத் தன்மையை அளந்தாலன்றி ஆய்வு நிறைவுறாது. வழியில் காய்ச்சல் கண்டு ஒருநாள் பிந்தியதால் முறை தவறிவிட்டது. அடுத்த முறைக்கு மூன்று நாள் காத்திருக்க வேண்டும். கைப்பணமோ ஒருநாளுக்கே போதும்.

இதற்காக இத்தனை தொலைவு வருவானேன்? திரவ ஹீலியம் கொதிப்பதே சுழியத்துக்குக் கீழ் 269 டிகிரியில். அக்குளிரில் அளக்கும் கருவிகள் கோடிக்கணக்கில் விலை பெறும். அவற்றைப் பேணுதற்கும் தேர்ந்தவர் வேண்டும். பயணி ஒவ்வொருவரும் எஞ்சின் வாங்குவதில்லை அல்லவா? அதுபோலவே பல்கலைக்கழக மானியக் குழுவும் அணுசக்தித் துறையும் கூடி நடத்தும் பொது ஆய்வுக்கூடம் இந்தூர் தேவி அகல்யா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ளது. மும்பையிலும் கொல்கத்தாவிலும் அதன் கிளைகள் உண்டு. தில்லியில் 1984ஆம் ஆண்டு தோன்றிய முடுக்கி மையமும் இவ்வகையினதே. ஆய்வின் நோக்கத்தை எழுதியனுப்பி, வல்லுநர் அதனை ஏற்றால், சிறு கல்லூரி மாணவருக்கும் நாள் ஒதுக்கப்படும். ஊருணியில் குடம் முகப்பவரைக் குலம் கேட்பாருண்டோ?

அம்மூன்று நாளும் மாணவியார் நம் இல்லத்தில் தங்கினார். அளந்து முடித்து வந்த இரவு, "எண்ணியபடி வந்ததா, அம்மா?" என்றோம். "இல்லை அண்ணா. ஆனால் எங்கே தவறினேன் என்று தெரிந்துவிட்டது" என்றார். அவர் முகத்தில் வாட்டமில்லை.

அன்பர்களே! இந்நகரங்களில் வாழும் நம்மவர், இத்தகைய மாணவர்க்கு இரண்டொரு நாள் இடமளிக்க இயலுமாயின், சங்கச் செயலாளரிடம் பெயர் தருக. அன்று நாம் அடுத்தவரை நோக்கியபடியே இருந்திருந்தால் அந்த டப்பி திறவாமலே ஊர் திரும்பியிருக்கும். அந்நினைவு இன்னும் நம்மை உறுத்துகிறது.