வேகமான காருக்குக் கூடுதல் பாரம்!
ஐரோப்பிய ஜி.டி. பந்தயங்களில் சமநிலை விதி நியாயம்தானா?

பெல்ஜியம் நாட்டில், ஆர்டென் மலைக்காடுகளுக்கு நடுவே, ஸ்பா-பிராங்கோர்ஷாம் என்ற பந்தயப் பாதை இருக்கிறது. ஒரு சுற்று 7 கிலோமீட்டர். அங்கே 1924-ல் தொடங்கிய 24 மணி நேரக் கார்ப் பந்தயம், சில காலம் இடைவெளி விட்டாலும், இன்றும் நடந்து வருகிறது. 'கிராண்ட் டூரர்' எனப்படும் ஜி.டி. கார்களுக்கு ஐரோப்பாவில் ஆண்டின் மிகப் பெரிய சோதனை அதுதான்.

அந்தப் பந்தயத்தில் வென்றவர்களின் பட்டியலைப் பார்த்தால் ஒரு விந்தை புலப்படும். 2020-ல் போர்ஷே வென்றது. 2021-ல் பெராரி. 2022-ல் மெர்சிடிஸ். 2023-ல் பி.எம்.டபிள்யூ. 2024-ல் ஆஸ்டன் மார்ட்டின். 2025-ல் லம்போர்கினி. ஆறு ஆண்டுகளில் ஆறு கம்பெனிகள். இவற்றுள் ஆஸ்டன் மார்ட்டின் அதற்கு முன்பு அங்கே வென்றது 1948-ல். லம்போர்கினிக்கோ அதுவே முதல் வெற்றி.

இதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. வேகமான காருக்குப் பாரம் ஏற்றி, மெதுவான காருக்குப் பாரம் இறக்கி, எல்லாக் கார்களையும் ஏறக்குறைய ஒரே நிலைக்குக் கொண்டுவரும் விதி ஒன்று இந்தப் பந்தயங்களில் அமலில் இருக்கிறது. 'திறன் சமநிலை' என்று அதைச் சொல்லலாம். மகாலட்சுமி குதிரைப் பந்தய மைதானத்தை அறிந்த மும்பை வாசகர்களுக்கு இது புதிதல்ல. ஹேண்டிகேப் பந்தயத்தில் திறமை மிகுந்த குதிரையின் சேணத்தில் ஈயத் தகடு ஏற்றுகிறார்கள் அல்லவா? அதே தத்துவம்தான்.

இது நியாயமா என்ற கேள்வி எழுவது இயற்கை. இராப்பகலாக உழைத்து நல்ல கார் செய்தவனுக்குத் தண்டனையா? பின்தங்கியவனுக்குப் பரிசா? இதற்கு விடை காண வேண்டுமானால், இந்த விதி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு தொடர் செத்த கதை

1994-ல் ஜெர்மானியரான யூர்கன் பார்த், பிரெஞ்சுக்காரர்களான பாட்ரிக் பீட்டர், ஸ்டெபான் ராடெல் ஆகிய மூவர் சேர்ந்து ஜி.டி. கார்களுக்கென ஒரு பந்தயத் தொடரைத் தொடங்கினார்கள். சாலையில் ஓடும் உயர்ரகக் கார்களைச் சற்றே மாற்றி, பணம் படைத்த ஆர்வலர்களும் சிறு ஒர்க் ஷாப்காரர்களும் போட்டியிடும் இடமாக அது இருந்தது. பிரிட்டனின் மக்லாரன் எப்.1 கார் அதில் கொடிகட்டிப் பறந்தது. அந்தக் கார் 1995-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தையே வென்றது. சாலைக்கென்று உருவான கார் அது.

தொடர் வெற்றி பெற்றதும் பெரிய கம்பெனிகளின் கண் அதன்மேல் விழுந்தது. 1996-ல் போர்ஷே '911 ஜி.டி.1' என்ற காரைக் கொண்டுவந்தது. பெயர்தான் 911. உண்மையில் அது பந்தயத்துக்கென்றே பிறந்த கார். 1997-ல் சர்வதேச ஆட்டோமொபைல் சம்மேளனம் இந்தத் தொடரைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் மெர்சிடிஸ் கம்பெனி 'சி.எல்.கே. ஜி.டி.ஆர்.' என்ற காருடன் களமிறங்கியது.

25 சாலைக் கார்கள் செய்து விற்க வேண்டும் என்பது அப்போதைய விதி. ஆனால் பந்தயக் காரை முதலில் ஓட்டிவிட்டு, சாலைக் காரைப் பிறகு செய்துகொள்ளலாம் என்று சலுகை அளிக்கப்பட்டது. வண்டிக்கு முன்னால் மாட்டைக் கட்டுவதற்குப் பதிலாக, மாட்டுக்கு முன்னால் வண்டியைக் கட்டினார்கள். மெர்சிடிஸின் சாலைக் கார் பிறகு விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 15 லட்சம் டாலருக்கும் மேல்!

1997-ல் நடந்த 11 பந்தயங்களில் மெர்சிடிஸ் 6-லும், பி.எம்.டபிள்யூ. எஞ்சின் பொருத்திய மக்லாரன் 5-லும் வென்றன. அதுவரை போட்டி இருந்தது என்றே சொல்லலாம். ஆண்டு முடிவில் பி.எம்.டபிள்யூ. விலகிக்கொண்டது. 1998-ல் 10 பந்தயங்கள் நடந்தன. பத்தையும் மெர்சிடிஸே வென்றது. 49 வயதான கிளாஸ் லூட்விக், பிரேசில் இளைஞர் ரிக்கார்டோ சோன்டா ஆகிய இருவரும் சாம்பியன் பட்டம் பெற்றனர்.

பத்துக்குப் பத்து என்பது கம்பெனிக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையைக் கண்டு மற்றவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். 1999-ல் மெர்சிடிஸுடன் மோத யாரும் முன்வரவில்லை. ஜி.டி.1 பிரிவே கைவிடப்பட்டது. கீழ்ப் பிரிவான ஜி.டி.2 கார்களை மட்டும் வைத்துத் தொடரை நடத்த வேண்டியதாயிற்று.

இதில் பெரிய கம்பெனிகளுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அவை வேறு பந்தயத்துக்குப் போய்விட்டன. கடன் வாங்கிக் கார் வாங்கிய தனியார் கோஷ்டிகளும், அவற்றை நம்பியிருந்த மெக்கானிக்குகளும்தான் நடுத்தெருவில் நின்றார்கள். வாங்கிய கார் இருந்தது. ஓட்டுவதற்குப் பந்தயம் இல்லை.

புதிய விதி வந்தது

இந்தச் சரிவை நேரில் பார்த்தவர் ஸ்டெபான் ராடெல். 2006-ல் அவர் ஜி.டி.3 என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார். அதன் அடிப்படையே வேறு. யார் வேண்டுமானாலும் எந்த மாதிரிக் காரையும் செய்யலாம். ஆனால் எது எவ்வளவு வேகம் போகலாம் என்பதை நிர்வாகிகள் தீர்மானிப்பார்கள்.

இன்றைய ஜி.டி.3 கார்களை அருகருகே நிறுத்திப் பார்த்தால் இந்த விதியின் தேவை புரியும். போர்ஷேவுக்கு எஞ்சின் பின்புறம், 6 சிலிண்டர். மெர்சிடிஸுக்கு முன்புறம், 8 சிலிண்டர், 6.2 லிட்டர். 2025-ல் ஸ்பாவில் வென்ற லம்போர்கினிக்கு எஞ்சின் நடுவில், 10 சிலிண்டர். பெராரி 296-க்கு டர்போ பொருத்திய 6 சிலிண்டர். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. இவற்றை அப்படியே அவிழ்த்துவிட்டால், அதிகப் பணம் செலவழிக்கும் கம்பெனி ஓரிரு ஆண்டுகளில் மற்றவர்களை விரட்டிவிடும்.

ஆகவே புதிய காரை முதலில் சோதனைக்கு உட்படுத்துகிறார்கள். அதன் வேகம் மற்றக் கார்களுடன் ஒப்பிடப்படுகிறது. அதிக வேகமாயின், கிலோ கணக்கில் பாரம் ஏற்றுவார்கள். எஞ்சினுக்குள் காற்று போகும் வாயைச் சிறிய வளையம் போட்டுச் சுருக்குவார்கள். டர்போ எஞ்சினாயின் அழுத்தத்தைக் குறைப்பார்கள். தரைக்கும் காருக்கும் உள்ள இடைவெளியைக்கூட நிர்ணயிப்பார்கள். பாதைக்குப் பாதை இந்த அளவுகள் மாறும்.

பலன் என்ன? ஒரு கம்பெனி எவ்வளவு பணம் கொட்டினாலும் நிரந்தர லாபம் இல்லை. எனவே கொட்டுவதில் அர்த்தமும் இல்லை. தனியார் கோஷ்டி ஒன்று இன்று வாங்கும் கார் சில ஆண்டுகளுக்காவது உபயோகப்படும். ஸ்பாவில் 2020 முதல் 2025 வரை வென்ற கார்களை நடத்தியவை ஜெர்மனி, இத்தாலி, பிரான்சு, பெல்ஜியம், ஆஸ்திரியா நாடுகளைச் சேர்ந்த தனியார் கோஷ்டிகள். கம்பெனிகளின் உதவியும் அவற்றின் சம்பள ஓட்டுநர்களும் பின்னால் உண்டு என்றாலும், காரைப் பராமரித்து நடத்தியவை இந்தக் கோஷ்டிகளே. 60-க்கும் மேற்பட்ட கார்கள் ஒரே பந்தயத்தில் புறப்படும் காட்சி 1998-ல் கனவிலும் நடந்திராது.

லெ மான் நிர்வாகிகளும் கடைசியில் இந்த வழிக்கே வந்தார்கள். 2023-உடன் தங்கள் பழைய ஜி.டி. பிரிவை மூடிவிட்டு, 2024 முதல் ஜி.டி.3 கார்களை ஏற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டில் அங்கே ஒன்பது கம்பெனிகளின் ஜி.டி.3 கார்கள் போட்டியிட்டன.

திறமைக்கு இடம் உண்டா?

கார்களைச் சமமாக்கிவிட்டால் ஓட்டுநரின் திறமைக்கு மதிப்பு போய்விடும் என்று சிலர் வாதிடுகிறார்கள். உண்மை அதற்கு நேர்மாறானது. 2021 ஸ்பா பந்தயத்தில் 23 மணி நேரத்துக்கும் மேல் ஓடிய பிறகு ஆடி கார் முன்னணியில் இருந்தது. மழை கொட்டியது. கடைசி நிமிடங்களில் பெராரி ஓட்டுநர் அலெஸ்ஸாண்ட்ரோ பியெர் குய்டி, பிளான்ஷிமோன் என்ற அதிவேக வளைவில், நனைந்த பாதையில், வெளிப்புறமாகவே சென்று ஆடியை முந்தினார். எந்த விதியும் அவருக்கு அந்தத் துணிச்சலைக் கொடுக்கவில்லை. கார்கள் சமமாக இருந்ததால்தான் அந்தத் துணிச்சலுக்குப் பலன் கிடைத்தது.

குறை எங்கே?

அப்படியானால் விதியில் குறையே இல்லையா? இருக்கிறது. விதியைக் காட்டிலும் அதைக் கையாளும் முறையில்தான் குறை.

முதலாவது, மறைப்பு வேலை. பாரம் ஏறக்கூடாது என்பதற்காகச் சில கம்பெனிகள் சாதாரணப் பந்தயங்களில் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டி, பெரிய பந்தயத்தில் முழு வேகம் காட்டுவதாகச் சந்தேகம் எப்போதும் உண்டு. 2016-ல் லெ மானில் தகுதிச் சுற்றின்போது போர்டு, பெராரி கார்கள் மற்றவர்களை வெகுவாக முந்தின. தகுதிச் சுற்று முடிந்த பிறகு, பந்தயத்துக்கு முன்பு, அளவுகள் அவசரமாக மாற்றப்பட்டன. அப்படியும் அந்தப் பிரிவில் போர்டுதான் வென்றது. 1966-ல் போர்டு அங்கே வென்றதன் ஐம்பதாம் ஆண்டு அது. ஊரார் வாய் சும்மா இருக்குமா?

இரண்டாவது, கடைசி நேர மாற்றம். ஜி.டி.க்கு மேற்பட்ட ஹைப்பர்கார் பிரிவிலும் இதே சமநிலை விதி உண்டு. 2023 லெ மான் பந்தயத்துக்குச் சில நாட்கள் முன்பு டொயோட்டா கார்களுக்கு 37 கிலோவும், பெராரிக்கு 24 கிலோவும் கூட்டப்பட்டன. பெராரி வென்றது, 1965-க்குப் பிறகு அதற்கு அங்கே கிடைத்த முதல் வெற்றி. டொயோட்டா அதிருப்தியை மறைக்கவில்லை. பெராரி தகுதியில்லாமல் வென்றது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த வெற்றியின் மேல் ஒரு நிழல் விழுந்துவிட்டது. வென்றவருக்கும் அது நல்லதல்ல.

மூன்றாவது, வாய்ப்பூட்டு. உலக எண்டியூரன்ஸ் தொடரின் விதிமுறைகள், சமநிலை அளவுகளைப் பற்றிக் கம்பெனிகளும் ஓட்டுநர்களும் பகிரங்கமாகக் கருத்துச் சொல்லி நிர்வாகிகளை நெருக்குவதைத் தடை செய்கின்றன. கூச்சலைக் குறைக்க இது உதவலாம். சந்தேகத்தைக் குறைக்க உதவாது.

நான்காவது, ராடெலின் ஸ்தாபனம் ஐரோப்பிய ஜி.டி. தொடரை நடத்தும் தனியார் கம்பெனி. நுழைவுக் கட்டணம் வாங்குவதும் அதுவே. அளவுகளை நிர்ணயிப்பதும் அதுவே. கடைக்காரரே தராசுக்கு முத்திரை குத்தும் ஏற்பாடு இது. இதுவரை கடை நன்றாக நடக்கிறது என்பதற்காக இந்த ஏற்பாடு சரியாகிவிடாது.

யார் பணம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சமநிலை விதி செலவைக் கட்டுப்படுத்தியதே தவிர, மலிவாக்கவில்லை. போர்ஷேவின் ஜி.டி.3 பந்தயக் கார் 2022-ல் அறிமுகமானபோது வரி நீங்கலாக 5,11,000 யூரோ. இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 5 கோடி ரூபாய். டயர், பெட்ரோல், ஆள் சம்பளம் எல்லாம் தனி.

இதைக் கொடுப்பவர்களில் பலர் தொழிலதிபர்கள். ஓட்டுநர்கள் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பிரான்ஸ் என்று நான்கு தரமாகப் பிரிக்கப்படுகிறார்கள். லெ மான் ஜி.டி.3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு பிரான்ஸ் தர ஓட்டுநர், அதாவது பந்தயத்தையே தொழிலாகக் கொள்ளாதவர், இருந்தே தீர வேண்டும். அவர் பணத்தில்தான் கூட இருக்கும் தொழில்முறை ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் பிழைப்பு நடக்கிறது.

தமிழர்கள் பலருக்கு இந்த உலகம் அறிமுகமானது நடிகர் அஜித் குமார் மூலம். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய கோஷ்டி தன் பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. அதே ஆண்டில் அவர் ஐரோப்பிய ஜி.டி.4 தொடரிலும் ஓட்டினார். ஜி.டி.4 என்பது ஜி.டி.3-க்கு ஒரு படி கீழே உள்ள, செலவு குறைந்த பிரிவு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு புதிய கோஷ்டி, கம்பெனிகளின் பண பலத்துக்கு நடுவே நசுங்காமல் போட்டியிட முடிகிறது என்றால், அதற்குச் சமநிலை விதி ஒரு முக்கியக் காரணம்.

தராசு திறந்திருக்கட்டும்

வலியவனின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது அநீதி என்ற வாதத்தை 1998-ம் ஆண்டே பொய்யாக்கிவிட்டது. கட்டுப்பாடு இல்லாத அந்த ஆண்டில் வலியவன் எல்லாவற்றையும் வென்றான். அடுத்த ஆண்டில் வெல்வதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை. கட்டுப்பாடு வந்த பிறகு பந்தயமும் பிழைத்தது; அதை நம்பியவர்களும் பிழைத்தார்கள்.

ஆகவே விதி இருக்க வேண்டும். அதே சமயம், எந்தக் கணக்கின்படி எத்தனை கிலோ என்பது முழுமையாக வெளியிடப்பட வேண்டும். பெரிய பந்தயத்துக்குப் போதிய நாட்கள் முன்பே அளவுகள் முடிவாகிவிட வேண்டும். குறை சொல்பவரின் வாயைக் கட்டக்கூடாது. அளவு நிர்ணயிக்கும் பொறுப்பு, தொடரை நடத்தி லாபம் பெறுபவரிடம் இல்லாமல் தனி அமைப்பிடம் போக வேண்டும்.

பாரம் சுமக்க யாரும் தயங்கமாட்டார்கள். அடுத்தவனுக்கும் அதே தராசில்தான் நிறுத்தார்கள் என்ற நம்பிக்கை இருந்தால் போதும்.