கரிசல் ஒன்று, வடிவங்கள் பல

சாகித்ய அகாடமியின் யுவ புரஸ்கார் 35 வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. 2011 முதல் தரப்படும் அந்த விருதின்மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. முதல் புத்தகத்தோடு வருகிற இளைஞரைக் கைதூக்கிவிடத்தான் வேண்டும். இந்த வாரம் எரிச்சலூட்டியது, அந்த வயது வரம்பை எழுத்துக்கே வரம்பாக்கிவிடும் பேச்சு. ஐம்பதில் முதல் கதையை அனுப்புகிறவரின் எழுத்தை ஓய்வுக்காலப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குகிறோம். அவரே அடுத்து ஒரு கட்டுரைத் தொடரும் எழுதிவிட்டால், எதிலும் நிலைக்காதவர் என்ற பட்டமும் சேர்கிறது. இப்படியொரு பேச்சு எழுந்தால் இந்தப் பத்தி கி.ராஜநாராயணனிடம் போய் நிற்கும் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த முறையும் அவரிடமே போகிறேன். இரண்டு குறைகளுக்கும் அவர் வாழ்க்கையிலேயே பதில் இருக்கிறது.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவலில் 1923இல் பிறந்த விவசாயி அவர். 1958இல் ‘சரஸ்வதி’ இதழில் முதல் கதை ‘மாயமான்’ வெளிவந்தபோது வயது 35ஐ எட்டிக்கொண்டிருந்தது. ‘கோபல்ல கிராமம்’ நாவல் வந்தது 1976இல், ஐம்பதைக் கடந்த பிறகு. பள்ளிப் படிப்பையே முடிக்காத அந்த மனிதர் 1989இல் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. ஆனால் இந்த வரிசையில் என்னை விடாமல் இழுப்பது வேறொரு புத்தகம்: 1982இல் வந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி.

நாவலாசிரியர் ஒருவர் அறுபதை நெருங்கும் வயதில் ஏன் சொல் சேகரிக்கப் போகிறார்? கதைக்குள் எல்லாச் சொல்லுக்கும் இடம் கிடையாது. பாத்திரம் பேசத் தேவையானதை மட்டும் கதை எடுத்துக்கொள்ளும். மண்ணுக்கும் மழைக்கும் மாட்டுக்கும் சம்சாரிகள் வைத்திருக்கும் மற்ற சொற்கள் வெளியே நின்றுவிடும். அவற்றுக்கு இடம் கொடுத்தது அகராதி. பாலியல் நாட்டுப்புறக் கதைகளுக்கு ‘வயது வந்தவர்களுக்கு மட்டும்’ என்ற தொகுப்பு இடம் தந்தது. விவசாயியின் பாடுகளை நேராகச் சொல்ல ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ கட்டுரைகள் வந்தன. வடிவங்கள் மாறினாலும் எழுதப்பட்டது ஒரே கரிசல் வாழ்க்கைதான். ஒரு வடிவம் விட்டதை அடுத்தது எடுத்துக்கொண்டது. அதன் பலன் அவரோடு நிற்கவுமில்லை. பெருமாள்முருகன் கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும், கண்மணி குணசேகரன் நடுநாட்டுச் சொல்லகராதியையும் தந்தார்கள். இருவருமே நாவலாசிரியர்கள். வட்டார அகராதி தொகுப்பதும் புனைகதைக்காரரின் வேலைதான் என்பது இன்று தமிழில் இயல்பாகிவிட்டது.

பலவற்றில் கை வைத்ததால் சிறுகதையின் இறுக்கம் போய்விட்டது, பிற்கால எழுத்து வெறும் பேச்சாகிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ‘கதவு’ கதையின் கட்டு பிற்காலப் பக்கங்கள் எல்லாவற்றிலும் இல்லை என்பது உண்மையே. ஆனால் அந்த இறுக்கத்தை மட்டுமே காத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தால் நமக்கு அகராதி கிடைத்திருக்காது. பேச்சு நடையைக் கட்டுரைக்குள் கொண்டுவந்ததும் ஒரு சாதனைதான். நீண்ட ஆயுள் தந்த அதிர்ஷ்டம் இது என்பது இன்னொரு வாதம். 2021 மே மாதம் வரை வாழ்ந்தார், சரி. ஆயுள் எழுதுவதற்கு நாளைத் தரும், சரக்கைத் தராது. முதல் கதைக்கு முந்தைய ஆண்டுகளில் உழவும், விவசாயிகள் போராட்டமும், விளாத்திகுளம் சுவாமிகளின் இசையைக் கேட்ட பொழுதுகளும் அதைச் சேர்த்துவைத்தன.

தாமதமாக எழுத வருபவருக்கு ஒரு வடிவம் போதாமல் போவதன் காரணமும் இதுவே. பாதி ஆயுளில் சேர்ந்த அனுபவம் சிறுகதை அளவுக்கோ நாவல் அளவுக்கோ வெட்டித் தைத்து வருவதில்லை. நில அளவைத் துறையில் முப்பது ஆண்டு இருந்தவருக்கு ஒரு நாவலும் இருக்கலாம், ஊர்ப்பெயர்கள் பற்றிய ஒரு நூலும் இருக்கலாம். இரண்டையும் அவர்தான் எழுதவேண்டும். எந்த வகையில் பெயர் கிடைக்கும் என்று அவர் யோசிக்கவேண்டியதில்லை. எழுதி முடித்த புத்தகத்தில் இடம் கிடைக்காமல் எது நின்றுபோனது என்று பார்த்தால், அடுத்து எழுதவேண்டிய வடிவம் தெரிந்துவிடும்.