மலையேற்றமும் முன்யோசனையும்

மலை ஏறுவதில் நமது இளைஞர்களுக்குச் சமீப காலத்தில் உற்சாகம் பெருகியிருப்பதை நாம் மனமார வரவேற்கிறோம். காரியாலய நாற்காலியில் தளர்ந்த தேகத்துக்கு மலைக்காற்று நன்மை செய்யும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் உற்சாகம் ஒன்றையே துணையாகக் கொண்டு செங்குத்தான காட்டுவழியில் நுழைவதன் விளைவு யாதென்பதைக் குரங்கணிச் சம்பவம் நமக்குக் காட்டிவிட்டது.

2018-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 11-ந் தேதி, தேனி ஜில்லாவில் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த கோஷ்டியினரைக் காட்டுத் தீ வளைத்துக்கொண்டது. சென்னையிலிருந்தும் கொங்கு நாட்டிலிருந்தும் சென்றிருந்த அவர்களில் பெரும்பாலோர் இளவயதினர், பெண்கள் பலர். இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். காயமுற்றோரை இருளில் முதலில் தூக்கி இறக்கியவர்கள் அப்பக்கத்துக் கிராமவாசிகளே. அவர்கள் பெற்ற அனுமதி டாப் ஸ்டேஷன் வழிக்கு உரியது என்றும், சென்ற வழி வேறு என்றும் அப்போது அதிகாரிகள் கூறினர்.

இதில் விதியை நொந்து பயனில்லை. மாசி, பங்குனி மாதங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் காய்ந்து சருகாகிவிடும். தீயோ, சமநிலத்தைவிட ஏற்றத்தில் மிக விரைந்து பரவும். கீழே எரியும் ஜுவாலை மேலேயுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திச் சூடேற்றிவிடுவதே இதற்குக் காரணம். சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது காட்டுத் தீயை ஆராய்ந்தோர் கண்ட கணக்கு. ஆகவே தீயைக் கண்டு மலைமேல் ஓடுகிறவன் அதனுடன் பந்தயம் ஓடி வெல்வது அரிது. புல் முளைக்காத பாறையையோ, முன்னமே எரிந்து கரிந்த நிலத்தையோ நாடுவதே தக்கது. செயற்கை நூலாடை அனலில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். பருத்தி ஆடை அவ்வாறு உருகுவதில்லை. இவ்வளவு சிறு விஷயங்களும் புறப்படுமுன் அறியவேண்டியவை.

அனுமதிச் சீட்டைச் சர்க்காரின் தொல்லை என்று எண்ணுவோர் பலர். 1882-ஆம் வருஷத்து வனச் சட்டம் ஆங்கிலேயர் தம் வருவாயைக் காக்க இயற்றியது என்பதையும், அதனால் மலைவாசிகள் தம் காட்டிலேயே அந்நியராயினர் என்பதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் இன்று அச்சீட்டுக்கு வேறொரு பயன் உண்டு. எத்தனை பேர், எவ்வழியில், எப்போது திரும்புவர் என்பது அடிவாரத்தில் தெரிந்திருந்தால்தான் ஆபத்துக் காலத்தில் தேடிச் செல்வோர்க்குத் திசை தெரியும். குறித்த வழியை விட்டு வேறு வழி செல்கிறவன் அந்தப் பாதுகாப்பைத் தானே துறக்கிறான்.

ஆயத்தம் என்பதில் பெரும் சாஸ்திரம் ஒன்றுமில்லை. தடத்தை அறிந்த உள்ளூரார் ஒருவர் முன்னே செல்லவேண்டும். பின்னே ஒருவர் தலை எண்ணி வரவேண்டும். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் நடையே எல்லோர்க்கும் நடையாகட்டும். விடியலில் புறப்பட்டு, இத்தனை மணிக்குச் சிகரம் எட்டாவிடினும் திரும்புவதென முன்னரே நிச்சயித்துக்கொள்ளவேண்டும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும். இறக்கத்திலோ களைத்த முழங்கால் தடுமாறும். வழுக்கி வீழ்வோர் பலரும் அப்போதுதான் வீழ்கின்றனர். ஆதலால் தண்ணீரிலும் பலத்திலும் ஒரு பாதியை இறக்கத்துக்கென மிச்சம் வைப்பது அவசியம். இருதய நோயுள்ளோர் வைத்தியரைக் கேளாமல் வெள்ளியங்கிரி போன்ற கடின மலைகளை ஏறத் துணியலாகாது.

குரங்கணிக்குப் பின் 2018-ஆம் வருஷத்திலேயே சர்க்கார் மலையேற்ற விதிகளை வகுத்தனர். 2024-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், 14 ஜில்லாக்களில் 40 தடங்களைக் கொண்ட திட்டம் ஒன்றையும் தொடங்கினர். மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்ததும், 2025-ஆம் வருஷத்தில் தீப் பருவத்தை முன்னிட்டு பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தடங்களை மூடியதும் போற்றத்தக்கவை. ஆனால் கடினமான சில தடங்களுக்கு ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்தது நியாயமன்று என்பது நமது அபிப்பிராயம். நேர்வழியின் விலை ஏழை மாணவனுக்கு எட்டாதாயின், அவன் வேலியைத் தாண்டிக் கள்ளவழியே ஏறுவான். எந்த ஆபத்தைத் தடுக்க விதி பிறந்ததோ அந்த ஆபத்தை அவ்விதியே வளர்த்ததாகும். மாணவர்க்கும் ஏழைகட்கும் கட்டணத்தைப் பெரிதும் குறைக்கும்படி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

மலைகள் ஜனங்களின் சொத்து. அவற்றைப் பூட்டி வைப்பதும் தகாது; அஜாக்கிரதைக்குத் திறந்துவிடுவதும் தகாது. குரங்கணியில் மக்களை இழந்த பெற்றோரின் துக்கத்தை நினைவிற்கொண்டு, ஆயத்தமின்றிப் புறப்படுவதில்லை என்று நம் இளைஞர்கள் உறுதி பூணுவார்களாக.