வாயிற்காவலனும் கணக்கப்பிள்ளையும்

வத்தேகமையைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலே வாழ்ந்தோருக்குப் 'பெரட்டு' என்றால் யாதென விளக்க வேண்டுவதில்லை. காலையிலே தொழிலாளர் களத்திற் கூடுவர். வந்தவர் இன்னார் என்றறிந்து அவரவரை வேலைக்கு அனுப்புவர். ஆனால், காரியம் அதனோடு முடிந்துவிடுவதில்லை. மாலையிலே கொழுந்து நிறுக்கப்பட்டு, அன்றைய வேலை செக்ரோலிலே பதியப்படவேண்டும். காலையிற் களத்தில் நின்றவரின் பெயர் மாலைப் பதிவிலே விடுபட்டால், முழுப்பேருக்கு உரியவர் அரைப்பேரோடு வீடு திரும்ப நேரும். ஆள் யார் என்றறிவது ஒன்று. அவர் கணக்கை எழுதுவது மற்றொன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் தீங்கினைப் பற்றியே இவ்வாரம் நேயர்களோடு பேச விரும்புகின்றோம்.

நாம் கூறப்போவது தோட்டத்துச் செய்தியன்று. கல்லூரிகளிலும் காரியாலயங்களிலும் சுவரிலே பொருத்தப்பட்டிருக்கும் வைஃபைப் பெட்டியைப் பற்றியது. மாணவன் தன் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுக்கிறான், இணையம் திறக்கிறது. அப்பெட்டி அவனை அறியுமோவெனின், அறியாது. அது வாயிற்காவலன் மட்டுமே. உள்ளே இருக்கும் சேவையகத்தை அது வினவும். சேவையகம் 'விடலாம்' என்றால் விடும், 'வேண்டா' என்றால் தடுக்கும். இம்முறைக்கு ரேடியஸ் என்று பெயர். தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தோடு தொடர்புகொண்டோருக்காக 1991ஆம் ஆண்டில் லிவிங்ஸ்டன் என்னும் அமெரிக்க நிறுவனத்தார் இதனை வகுத்தனர். இதிலே கிளையன்ட் எனப்படுவது நம் கைத்தொலைபேசி என்று பலர் எண்ணுவர். அது தவறு, சேவையகத்தை வினவுகின்ற அந்தப் பெட்டியே கிளையன்ட்.

இதன் பயனைக் காண நாம் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. மாத்தளைப் பாதைப் புகையிரதத்திலே கண்டிக்குச் சென்று, அங்கிருந்து பேராதனையை அடைந்தாற் போதும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் 'லேர்ன்' என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பின் காரியாலயம் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்திலேதான் உள்ளது. 'எடுரோம்' என்னும் உலகளாவிய ஏற்பாட்டினை இலங்கையில் நடத்துவோர் அவர்களே. ஐரோப்பாவில் 2002ஆம் ஆண்டு முன்மொழியப்பட்ட இவ்வேற்பாடு இன்று 100க்கும் மேற்பட்ட நாடுகளிற் பரவியுள்ளது. இதிற் சேர்ந்த ஒரு பல்கலைக்கழகத்தவர் மற்றொன்றுக்கு விருந்தினராகச் சென்றால், அங்குள்ள பெட்டி அவருடைய தாய்ப் பல்கலைக்கழகத்தை வினவி, 'எம்மவரே' என்ற விடை கிடைத்ததும் கதவைத் திறக்கும். விருந்தளிப்போருக்கு அவர் கடவுச்சொல் தெரியவராது. ஆயினும் அவர் எப்பொழுது வந்தார், எப்பொழுது சென்றார் என்ற பதிவு அவர்களிடம் இருத்தல் வேண்டும். ஆளை உறுதி செய்தல் தாய்வீட்டின் கடன். வரவையும் செலவையும் எழுதுதல் விருந்து வீட்டின் கடன்.

ரேடியஸ் முறையின் விதிகளை வகுத்தோரும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்தனர். 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஆளை உறுதி செய்வதற்கு ஓர் ஆவணமும் கணக்கெழுதுவதற்கு மற்றோர் ஆவணமும் வெளியிட்டனர். முன்னதற்கு வாயில் எண் 1812; பின்னதற்கு 1813. அதற்கு முன்னர் 1645, 1646 என்ற எண்கள் வழங்கின. அவை வேறு சேவைகளுக்கு உரியனவாக இருந்தமையாற் கைவிடப்பட்டன. எனினும், பழைய பெட்டிகள் சிலவற்றில் அவ்வெண்கள் இன்றும் தங்கியுள்ளன.

நிற்க. நாம் அறிந்த ஒரு கல்லூரியிலே நடந்ததைக் கூறுவோம். ஒருநாள் மாலை நான்கு மணிக்குக் கல்லூரியின் வைஃபை வழியாக ஓர் ஆசிரியையை இழிவுபடுத்தும் செய்தியொன்று வெளியாயிற்று. சேவையகத்தைப் பார்த்தபோது, அன்று பிற்பகல் ஒரு மணிக்குப் பின் உள்நுழைந்ததாக ஒரேயொரு மாணவனின் பெயர் இருந்தது. "இரண்டு மணிக்கே வீட்டுக்குப் போய்விட்டேன், சேர்" என்றான் அவன். காலையில் நுழைந்தவருள் எவர் நான்கு மணிவரை இணைப்பில் இருந்தார் என்பதையும், இவன் எப்பொழுது வெளியேறினான் என்பதையும் கணக்குப் பதிவே சொல்லியிருக்கும். அதைத் திறந்து பார்த்தோம். மூன்று மாதமாக அதில் ஒரு வரியேனும் இல்லை.

காரணம் மிகச் சிறியது. பெட்டியைப் பொருத்தியவர் முதல் எண்ணை 1812 என்று திருத்தினார். இரண்டாவதைப் பழைய 1646 ஆகவே விட்டுவிட்டார். பெட்டி நாள்தோறும் கணக்கை அனுப்பிக்கொண்டேயிருந்தது. கேட்பதற்கு அந்த வாயிலில் எவருமில்லை. முதலாவது தவறியிருந்தால் அன்றைக்கே ஊரெல்லாம் கூச்சலிட்டிருக்கும். இரண்டாவது தவறியதால் யாருக்கும் அசௌகரியமில்லை. ஆகையால் யாரும் அறியவில்லை. விசாரணைக் குழுவில் நாமும் ஒருவராக இருந்தோம். சான்றில்லை என்று கூறி மாணவனை விடுவித்தோம். ஆனால், 'குற்றமற்றவன்' என்று எழுத எம்மிடமும் சான்றிருக்கவில்லை. அவன் அதன் பின் எம் முகத்தை நேரே பார்த்ததில்லை.

இத்தகைய பெட்டிகளைப் பொறுப்பேற்றிருப்போர் செய்யவேண்டியது அதிகமில்லை. சேவையகத்தின் முகவரியையும் இரண்டு வாயில் எண்களையும் தனித்தனியே சரிபார்க்க. பெட்டிக்கும் சேவையகத்துக்கும் பொதுவான இரகசியச் சொல் ஈரிடத்தும் எழுத்துப் பிசகாது இருத்தல் வேண்டும். கணக்குப் பகுதியில் அது மாறுபட்டிருந்தால், வந்த பதிவைச் சேவையகம் வாய்திறவாமல் எறிந்துவிடும். கணக்கைப் பதிந்த பின்னரே சேவையகம் 'பெற்றேன்' என்று விடையளிக்க வேண்டும் என்பது விதி. அவ்விடை பெட்டிக்கு வருகிறதா என்று நோக்குக. மலைநாட்டிலே மின்சாரம் திடீரெனத் தடைப்படும். அப்பொழுது வெளியேறிய குறிப்பு அனுப்பப்படாமற் போகும். ஆதலின், பத்து நிமிடத்துக்கு ஒருமுறையேனும் இடைக்கணக்கு அனுப்புமாறு அமைத்தல் நன்று. கடிகாரங்கள் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்க்க. ஈற்றில், ஒரு தொலைபேசியை இணைத்து, பின் துண்டித்து, வந்ததும் போனதும் ஆகிய இரு வரிகளும் ஏட்டிலே ஏறினவா என்று கண்ணாற் காண்க. உள்ளே போக முடிகிறது என்பது மட்டும் சோதனையாகாது.

"எல்லாவற்றையும் எழுதி வைத்தால் அதுவும் ஒரு வேவுத் தொழிலன்றோ?" என்று அன்பர் சிலர் வினவலாம். நியாயமான வினாவே. இக்கணக்கிலே இருப்பவை பெயரும், கருவியின் இலக்கமும், வந்து சென்ற நேரமும், பயன்படுத்திய அளவுமே. எவர் எதைப் படித்தார், எழுதினார் என்பது அதிலில்லை. இருப்பினும், வேண்டிய காலம் கடந்ததும் அழிக்கப்படவேண்டும். பொறுப்பானோர் ஓரிருவர் தவிரப் பிறர் காணலாகாது. தோட்டத்திலே பொய்க் கணக்கெழுதி ஏழையின் வயிற்றிலடித்த கணக்கப்பிள்ளைகளின் கதைகளையும் நாம் கேட்டிருக்கின்றோம். கணக்கு எழுதாதிருப்பதும் பிழை. எழுதிய கணக்கைப் பிறழப் பயன்படுத்துவதும் பிழை.

வாயிற்காவலனைத் தேர்வதிலே நாம் காட்டும் கவனத்திற் பாதியைக் கணக்கப்பிள்ளையிடமும் காட்டினால், பிறிதொரு மாணவன் அந்த மாணவனைப் போல் எம்முன் விடையின்றி நிற்க நேராது. பெயரைக் கேட்டு உள்ளே விட்டோர், அப்பெயருக்கு இழுக்கு வந்தால் அதைத் துடைத்துக் காட்டவும் கடமைப்பட்டவர்கள் அன்றோ?