வாட்ச் நம்மோடது, பூட்டு யாரோடது?



இந்த மாத சுவர் இதழில் நான் ஸ்மார்ட் வாட்ச் பத்தி எழுத வந்திருக்கேன். ஸ்மார்ட் வாட்ச் நல்லதா கெட்டதா என்பது என் தலைப்பு இல்லை. கடையில் முழு விலை கொடுத்து வாங்கின வாட்சில், நம்ம உடம்பைப் பத்தின விவரத்தைப் பார்க்க மாசா மாசம் தனியாப் பணம் கட்டச் சொல்கிறார்களே, அது நியாயமா? இதுதான் என் கேள்வி. கொஞ்சம் பொறுமையாப் படிங்க.

வாட்ச் எப்படிக் கணக்குப் போடுது?

ஸ்மார்ட் வாட்சைக் கழட்டித் திருப்பிப் பார்த்தால் அடியில் பச்சை லைட் மின்னும். அது அழகுக்கு இல்லை. ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் மணிக்கட்டுக்கு ரத்தம் கூடுதலா வரும். அப்போ பச்சை ஒளி அதிகமா உறிஞ்சப்படும், திரும்பி வருவது குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் நாடித்துடிப்பு இத்தனைன்னு வாட்ச் சொல்லுது. நடக்கும்போது கை வீசுறதை முடுக்கமானி என்ற ஒரு சின்னக் கருவி அளந்து, எத்தனை அடி நடந்தோம்னு சொல்லுது. தூக்கத்துக்கு இந்த இரண்டையும் சேர்த்து ஒரு கணிப்பு போடுது.

ஆக, லைட்டும் நாம காசு கொடுத்து வாங்கினது. கருவியும் நாம வாங்கினது. துடிக்கிற இதயமும் நம்மோடது. இதை மனசுல வெச்சுக்கிட்டு மேலே படிங்க.

சந்தா வந்த கதை

சந்தா நமக்குப் புதுசு இல்லை. மாத இதழுக்குச் சந்தா கட்டினால் மாசம் ஒரு புத்தகம் வரும். கேபிள் டி.வி.க்கு மாசம் பணம் கொடுத்தால் மாசம் பூரா படம் வரும். ஆனால் வாங்கின பொருளுக்குள்ளேயே இருக்கிற வசதியைத் திறக்கச் சந்தா என்பது புதுசு. இதைப் பத்தி ஹைடெக் லேபில் டீச்சர் உதவியோட தேடிப் படிச்சேன். படிச்சதில் சிலது இங்கே சொல்றேன். விலை எல்லாம் அமெரிக்க விலை.

ஃபிட்பிட் என்பது 2007ல் அமெரிக்காவில் தொடங்கின கம்பெனி. 2019ல் மாசம் 9.99 டாலருக்கு ஒரு சந்தா கொண்டு வந்தாங்க. 2021ல் கூகுள் அந்தக் கம்பெனியை வாங்கியது. அதே வருஷம், இன்னைக்கு உங்க உடம்பு உழைக்கத் தயாரா, இல்லை ஓய்வு எடுக்கணுமா என்று மார்க் போட்டுச் சொல்கிற வசதி வந்தது. அது சந்தா கட்டினவங்களுக்கு மட்டும்தான். ஆனால் 2024ல் அதே வசதியைச் சந்தா இல்லாமலே கொடுப்போம்னு அறிவிச்சாங்க. மூணு வருஷம் பூட்டி வெச்சதைப் பிறகு இலவசமாத் திறக்க முடியுது பாருங்க.

ஓரா என்பது பின்லாந்து நாட்டுக் கம்பெனி. வாட்ச் மாதிரியே உடம்பை அளக்கிற மோதிரம் செய்றாங்க. முதலில் வந்த மோதிரங்களுக்குச் சந்தா கிடையாது. 2021ல் வந்த மூணாவது மாடலுக்கு மாசம் 5.99 டாலர் சந்தா வைத்தார்கள். கட்டாதவங்களுக்கு தூக்கம், தயார்நிலை, உழைப்பு என்று மூணு மார்க் மட்டும் தெரியும். ஏன் அந்த மார்க் வந்ததுங்கிற விவரம் தெரியாது. பரீட்சைப் பேப்பரைத் திருத்தி மார்க்கை மட்டும் சொல்லிட்டு, பேப்பரைப் பார்க்கணும்னா பணம் கொடுன்னு சொன்னா எப்படி இருக்கும்? அதுபோலத்தான்.

வூப் என்று இன்னொரு அமெரிக்கக் கம்பெனி. அவங்க பட்டையைத் தனியா விற்கிறதில்லை, வருஷச் சந்தாவோட சேர்த்துத்தான் தர்றாங்க. 2025 மே மாதம் 199, 239, 359 டாலர் என்று மூணு படி வைத்தார்கள். கையிலேயே ஈ.சி.ஜி. எடுக்கிற வசதி 359 டாலர் படியில் மட்டும்தான். முதல் படிக்கும் கடைசிப் படிக்கும் வித்தியாசம் 160 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய்னு வெச்சுக்கிட்டாலும் 13,600 ரூபாய்! ஆனால் 2018ல் ஆப்பிள் வாட்சில் ஈ.சி.ஜி. வந்தபோது அதுக்குத் தனிச் சந்தா வைக்கவில்லை. வாட்ச் விலை பெரிய விலைதான், இருந்தாலும் ஒரே தடவையோட முடிஞ்சுபோச்சு.

வூப்பில் அதே 359 டாலர் படியில் ரத்த அழுத்தத்தைக் கணித்துச் சொல்கிற வசதியும் இருந்தது. அதுக்கு முறையா அனுமதி வாங்கவில்லை என்று 2025 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அந்தக் கம்பெனிக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. கம்பெனி அதை ஒத்துக்கொள்ளவில்லை. யார் பக்கம் சரின்னு சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் ஒண்ணு புரிஞ்சுக்கலாம். அதிகப் பணம் கட்டினதால மட்டும் ஒரு எண் சரியான எண் ஆகிடாது.

பெரியப்பாவின் தூக்கம்

இதெல்லாம் அமெரிக்காக் கதை, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. எங்க பெரியப்பா லாரி ஓட்டுறாங்க. ராத்திரி ஓட்டம்தான் அதிகம். அவங்க நல்லாத் தூங்குறாங்களான்னு தெரியணும் என்று அண்ணன் தன் சம்பளத்தில் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தாங்க. எந்தக் கம்பெனின்னு சொல்ல விரும்பலை. மூணு மாசம் எல்லாம் தெரிஞ்சுது. நாலாவது மாசம் எத்தனை மணி நேரம் தூங்கினாங்கன்னு மட்டும் காட்டி, ஆழ்ந்த தூக்கம் எவ்வளவுங்கிற இடத்தில் பூட்டுப் படம் வந்துடுச்சு. கீழே, உங்கள் அறிக்கை தயார், பார்க்கச் சந்தா கட்டவும் என்று செய்தி.

பெரியப்பா முதலில் அதைக் கண்டுக்கலை. ஆனால் தினமும் காலையில் அந்தப் பூட்டைப் பார்த்துப் பார்த்து, உள்ளே ஏதோ கெட்ட செய்தி இருக்குமோன்னு பயம் வந்துடுச்சு. பெரியம்மா, "உடம்பை விடக் காசா பெருசு, கட்டிடுங்க"ன்னு சொன்னாங்க. எங்க அப்பா, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்"னு சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் அம்மா அந்த மார்க்கைப் பத்தி ஒண்ணும் கேட்கலை. எத்தனை மணி நேரம் தூங்குறீங்க, குறட்டை விடுறீங்களா, பகல்ல ஓட்டும்போது கண் சொருகுதான்னு கேட்டாங்க. பிரஷர் பார்த்தாங்க, சுகர் பார்த்தாங்க. காசு வாங்கலை. ஆழ்ந்த தூக்கத்தைச் சரியா அளக்கணும்னா தலையில் வயர் ஒட்டி மூளை அலையைப் பார்க்கணும், வாட்ச் சொல்றது ஒரு கணிப்புத்தான்னு விளக்கினாங்க. வண்டி ஓட்டுறதுக்கு முன்னாடி ஏழு மணி நேரமாவது தூங்குங்கன்னு சொன்னாங்க. மணிக்கணக்கை அந்த வாட்ச் இன்னும் இலவசமாத்தான் காட்டுது! பெரியப்பா சந்தா கட்டலை.

இதில் எனக்குப் பட்டது என்னன்னா, பெரியப்பாவுக்குத் தேவையான விவரம் வெளியேதான் இருந்தது. பூட்டுக்குள் இருந்தது கணிப்பு. ஆனால் பூட்டு போட்டதால் அந்தக் கணிப்புக்குப் பெரிய மதிப்பு வந்துடுச்சு. பாட்டுக்கோ படத்துக்கோ பூட்டு போட்டால் வேண்டாம்னு விட்டுடலாம். உடம்பு விஷயத்தில் பூட்டு போட்டால் பயம் வருது. அந்தப் பயத்துக்குத்தான் மாச வாடகை.

கம்பெனி பக்கம் நியாயம் இல்லையா?

இருக்கு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கட்டுரை ஆகாது. வாட்ச் அனுப்புற விவரத்தை வருஷக்கணக்கில் சேமிச்சு வைக்கக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் செலவு உண்டு, ஆள் சம்பளம் உண்டு. உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பயிற்சியாளர் வீடியோ எடுத்தால் அவர் உழைப்புக்குக் கூலி கொடுக்கணும். அதுக்குச் சந்தா கேட்டால் நான் தப்புன்னு சொல்ல மாட்டேன். டியூஷன் ஃபீஸ் மாதிரி அது. வாடகைன்னு முதல்லயே சொல்லிட்டுக் கொடுத்தாலும் சரிதான், இஷ்டம் இருக்கிறவங்க எடுத்துக்கட்டும்.

2025 மார்ச்சில் கார்மின் கம்பெனி மாசம் 6.99 டாலருக்குச் சந்தா கொண்டு வந்தபோது, இதுவரை இலவசமா இருந்ததெல்லாம் இலவசமாவே இருக்கும்னு சொன்னது. அந்த வார்த்தையாவது ஒரு நேர்மை. ஆனால் இனிமே வர்ற புது வசதி எல்லாம் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் வாங்கினவங்க கவலை.

நான் சொல்றது மூணே மூணு

ஒன்று. உயிருக்கு ஆபத்தைச் சொல்கிற எச்சரிக்கையைப் பூட்டவே கூடாது. இதயம் தாறுமாறாத் துடிக்குதுன்னு வாட்சுக்குத் தெரிஞ்சா, சந்தா கட்டினவர் கட்டாதவர் எல்லாருக்கும் சொல்லணும். தீ பிடிச்சால் மணி அடிக்கிறதுக்குக் காசு கேட்போமா?

இரண்டு. சந்தா உண்டுன்னா அட்டைப் பெட்டி மேலேயே போடணும். நம்ம நாட்டில் பிஸ்கட் பாக்கெட்டில் கூட அதிகபட்ச சில்லறை விலை அச்சடிக்கணும்னு விதி இருக்கு. அது பக்கத்திலேயே, இத்தனை மாசத்துக்குப் பிறகு இன்ன வசதிக்கு மாசம் இவ்வளவு என்று எழுதட்டும். மூணு மாசம் பழக்கிவிட்டு அப்புறம் கேட்பது தூண்டில் போடுற மாதிரி.

மூன்று. நம்ம உடம்புக் கணக்கு நமக்குச் சொந்தம். சந்தாவை நிறுத்தினாலும் பழைய விவரத்தை எடுத்து டாக்டர்கிட்ட காட்ட வழி இருக்கணும். 2023ல் நம் நாட்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நம்மைப் பத்தி என்ன விவரம் வெச்சிருக்கீங்கன்னு கேட்கிற உரிமை அதில் சொல்லப்பட்டிருக்கு.

எங்க வகுப்புத் தோழி ஒருத்தி, "பணக்காரங்க வாட்சுக்கு நீ ஏன்டி கவலைப்படுற?"ன்னு கேட்டா. செல்போனும் ஒரு காலத்தில் பணக்காரங்க கையில்தான் இருந்தது. இன்னைக்கு ஆடு மேய்க்கிற தாத்தா கையிலும் இருக்கு. நாளைக்கு நம்ம வீட்டுப் பிரஷர் மெஷினுக்கும் சுகர் மெஷினுக்கும் இதே பூட்டு வந்தால்? தெர்மாமீட்டர் வாங்கிட்டு, நூறுக்கு மேலே காய்ச்சல் போனால் பார்க்கச் சந்தா கட்டுன்னு சொன்னால்? வழக்கமாகிப் போன பிறகு கேட்க முடியாது. இப்பவே கேட்கணும்.

கேட்டால் நடக்கும் என்பதுக்கு ஒரு உதாரணம். பி.எம்.டபிள்யூ. கார் கம்பெனி 2022ல் சில நாடுகளில், காருக்குள் ஏற்கெனவே பொருத்தியிருந்த சீட் சூடாக்கும் கருவிக்கு மாசச் சந்தா கேட்டது. ஜனங்க சிரிச்சாங்க, திட்டினாங்க. 2023ல் அந்தச் சந்தாவைக் கைவிட்டுட்டாங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

உங்க வீட்டில் யாராவது வாட்ச் வாங்கப் போனால் கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேட்கச் சொல்லுங்க. எது எது என்னைக்கும் இலவசம்? இலவசம் எத்தனை மாசம்? அதுக்கப்புறம் எவ்வளவு? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்க. ஏமாற்றம் நடந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

நாடித்துடிப்பு பார்க்க வாட்ச் இல்லைன்னா கவலை வேண்டாம். மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கமா இரண்டு விரலை வெச்சு, 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்க. பெரியவங்களுக்கு ஓய்வா இருக்கும்போது 60 முதல் 100 வரை இருப்பது இயல்பு. ஆட்டபீரியட்டில் ஓடி முடிச்சதும் ஒரு தடவை எண்ணிப் பாருங்க, சிரிப்பு வரும்.

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்னு பெரியவங்க சொல்வாங்க. அந்தச் செல்வத்துக்குக் காவல் இருக்கட்டும், கருவி இருக்கட்டும். சாவி மட்டும் நம்ம கையில் இருக்கணும் என்பதே என் கருத்து.

சந்தா கட்டுறது சரிதான்னு நினைக்கிறவங்களும் நம்ம பள்ளியில் இருப்பீங்க. அடுத்த மாத சுவர் இதழில் கட்டாயம் பதில் எழுதுங்க. நானும் படிக்கக் காத்திருக்கேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி