பதில் சொல்ல ஆளில்லாத ஈவுட் பார்க்

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் உள்ள பிளாக்பர்ன், பஞ்சாலைகளால் வளர்ந்து, ஆலைகள் மூடப்பட்ட பிறகு நலிந்த ஊர். ஊருக்கு மிஞ்சிய பெரிய சொத்து அதன் கால்பந்து கிளப். 1875-ல் பிறந்த பிளாக்பர்ன் ரோவர்ஸ், 1888-ல் இங்கிலாந்தின் கால்பந்து லீக்கைத் தொடங்கிய 12 கிளப்புகளில் ஒன்று. எஃப்.ஏ. கோப்பையை ஆறு முறை வென்றது. 1995-ல் பிரீமியர் லீக் சாம்பியன்.

இந்தக் கிளப்பை 2010 நவம்பரில் 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கியது நம் நாட்டு நிறுவனம். புனேயைத் தலைமையிடமாகக் கொண்ட, கோழிப் பண்ணைத் தொழிலில் கொடிகட்டிப் பறக்கும் வெங்கீஸ் குழுமம் அது. வாங்கியபோது கிளப் உச்ச நிலையான பிரீமியர் லீக்கில் இருந்தது. 2012-ல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. 2017-ல் மூன்றாம் நிலைக்கும் விழுந்தது. பிரீமியர் லீக் பட்டம் வென்ற ஒரு கிளப் அந்த ஆழத்துக்குப் போனது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டே இரண்டாம் நிலைக்கு ஏறிவிட்டாலும், உச்ச லீக்குக்கு இன்னும் திரும்ப முடியவில்லை.

ஏன் இந்த நிலை என்று கேட்டால், பதில் சொல்ல கிளப்பின் ஈவுட் பார்க் மைதானத்தில் முதலாளி இல்லை. ரசிகர்களின் மனக்குறையே அதுதான்.

ஒரே கிளப், இரு முதலாளிகள்

பணக்காரர் கையில் கிளப் இருப்பது பிளாக்பர்னுக்குப் புதிதல்ல. உள்ளூரிலேயே பிறந்து வளர்ந்த ஜாக் வாக்கர், தன் எஃகு வணிக நிறுவனத்தை 1989-ல் 33 கோடி பவுண்டுக்கு விற்றவர். 1991-ல் கிளப்பைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அவர் பணத்தைக் கொட்டினார் என்பது உண்மை. ஆனால், எந்த வரிசையில் கொட்டினார் என்பதுதான் பாடம். முதலில், லிவர்பூலில் பட்டங்களை வென்று காட்டிய கென்னி டால்கிளிஷை மேலாளராக அழைத்து வந்தார். 1992-ல் அணி பிரீமியர் லீக்குக்குள் நுழைந்ததும், பிரிட்டனில் அதுவரை யாரும் கொடுக்காத விலைக்கு ஆலன் ஷியரரை வாங்கித் தந்தார். மைதானத்தையும் புதுப்பித்தார். பயிற்சியாளர் வேலையைப் பயிற்சியாளரிடம் விட்டார். மூன்றே சீசனில் பட்டம் ஊர் வந்து சேர்ந்தது.

வெங்கீஸ் வந்தபோது அணி பணத்தில் குறைந்திருந்தாலும், அதை நடத்துவதில் குறையில்லை. கிளப் கைமாறி ஒரு மாதம் ஆவதற்குள், 13-ம் இடத்தில் அணியைப் பத்திரமாக வைத்திருந்த மேலாளர் சாம் அலர்டைஸ் நீக்கப்பட்டார். அதுவரை எந்தக் கிளப்புக்கும் முழுநேர மேலாளராக இருந்திராத ஸ்டீவ் கீனிடம் பொறுப்பு போனது. 2012 மே 7 அன்று சொந்த மைதானத்தில் விகன் அணியிடம் தோற்று அணி தரமிறங்கியது. அன்று ரசிகர்கள் ஒரு கோழியை மைதானத்துக்குள் இறக்கிவிட்டார்கள். பல மாதங்களாக அவர்கள் எழுப்பிய குரலை யாராவது காதில் வாங்கியிருந்தால் அந்த நிலை வந்திருக்காது.

அடுத்த சீசன் இன்னும் மோசம். ஹென்னிங் பெர்க் 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டன் 67 நாள் என்று மேலாளர்கள் வந்த வேகத்தில் போனார்கள். நீக்கப்பட்ட பெர்க் தன் ஒப்பந்தப்படி பணம் கேட்டு நீதிமன்றம் சென்றார். அந்த ஒப்பந்தத்தைக் கொடுக்கத் தன் நிர்வாக இயக்குநருக்கே அதிகாரம் இல்லை என்று கிளப் வாதாடியது. வாதம் எடுபடவில்லை, 22.5 லட்சம் பவுண்டு கொடுக்க வேண்டியதாயிற்று. யாருக்கு எந்த அதிகாரம் என்பதே தெளிவில்லாமல் நடந்த நிர்வாகத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

கைநழுவிய வாய்ப்புகள்

இதெல்லாம் பழைய கதை என்று ஒதுக்கவும் முடியாது. 2023 ஜனவரியில், ஓர் ஆட்டக்காரரை இரவலாகப் பெறும் ஆவணங்கள் கெடுவுக்குள் போய்ச் சேரவில்லை, பதிவு மறுக்கப்பட்டது. அந்த சீசனில் சண்டர்லாந்து அணிக்கு இணையாக 69 புள்ளிகள் எடுத்தும், கோல் வித்தியாசத்தில் பின்தங்கி, ஏழாம் இடத்தில் நின்று மேல் லீக்குக்கு ஏறுவதற்கான பிளேஆஃப் வாய்ப்பை இழந்தது பிளாக்பர்ன். சரியாக ஓராண்டு கழித்து, அமெரிக்காவிலிருந்து வர வேண்டிய ஒரு முன்கள ஆட்டக்காரரின் பதிவும் இதேபோல ஆவணக் கோளாறால் நின்றுபோனது.

2023-ல் இன்னொரு முடிச்சும் விழுந்தது. வெங்கீஸ் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பியது குறித்த இந்திய அமலாக்கத் துறை விசாரணையால், கிளப்புக்குப் பணம் அனுப்பவே டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதியை நாட வேண்டி வந்தது. செலவு சுருக்கப்பட்டது. ஊர்ப் பிள்ளையான ஆடம் வார்ட்டன் 2024 தொடக்கத்தில் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார்; சில மாதங்களிலேயே யூரோ கோப்பைக்கான இங்கிலாந்து அணியில் இடம்பிடித்தார். அதே ஆண்டு, லீக்கில் அதிக கோல் அடித்த சாமி ஸ்மோடிக்ஸும் விற்கப்பட்டார். 2025 பிப்ரவரியில், அணி பிளேஆஃப் இடத்தில் இருக்கும்போதே மேலாளர் ஜான் யூஸ்டஸ், தரமிறங்கும் ஆபத்தில் இருந்த டார்பி கிளப்புக்குப் போய்விட்டார். மேலே இருப்பவர் கீழே இருக்கும் கிளப்பைத் தேடிப் போகிறார் என்றால், உள்ளே நம்பிக்கை எவ்வளவு வற்றியிருக்க வேண்டும்! அதே ஆண்டில் பெண்கள் அணியும் இரண்டாம் நிலை லீக்கிலிருந்து விலகிக்கொண்டது.

முதலாளிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் விழும் நஷ்டத்தை அவர்கள்தான் ஈடுகட்டுகிறார்கள். உயர்தர இளையோர் பயிற்சிக் கூடத்தைக் காப்பாற்றி வருகிறார்கள். அதே வட்டாரத்தின் பரி கிளப் 2019-ல் பணமில்லாமல் லீக்கிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அந்தக் கதி பிளாக்பர்னுக்கு வரவில்லை. இந்த நன்மையை ரசிகர்கள் மறுக்கவில்லை. ஆனால், நஷ்டத்தைக் கட்டுவது வேறு, கிளப்பை நடத்துவது வேறு. தண்ணீர் பாய்ச்சிவிட்டு வயல் பக்கமே போகாதவன் களையையும் பார்க்க மாட்டான், கதிரையும் பார்க்க மாட்டான்.

இங்கிலாந்தின் இன்னொரு கிளப்பான பிரைட்டனைப் பாருங்கள். 2009-ல் பொறுப்பேற்ற டோனி ப்ளூம், அந்த அணியின் பரம்பரை ரசிகர். அப்போது மூன்றாம் நிலையில் இருந்த கிளப் 2011-ல் சொந்த மைதானம் கண்டது, 2017-ல் பிரீமியர் லீக் ஏறியது, 2023-ல் ஐரோப்பியப் போட்டியிலும் ஆடியது. அங்கேயும் நட்சத்திர ஆட்டக்காரர்கள் விற்கப்படுகிறார்கள். ஆனால், ஒருவரை விற்கும் முன்பே அடுத்தவர் யார் என்ற திட்டம் இருக்கிறது. விற்ற பணம் எங்கே போகிறது என்று ரசிகருக்கும் தெரிகிறது.

என்ன செய்ய வேண்டும்?

முதல் கோரிக்கை வெங்கீஸ் குழுமத்தை நடத்தும் குடும்பத்துக்கு. ஆண்டுக்கு ஒரு முறையாவது பிளாக்பர்னுக்கு நேரில் வாருங்கள். ரசிகர் அமைப்புகளுடன் உட்கார்ந்து பேசுங்கள். கால்பந்து தெரிந்த ஒருவரைத் தலைமை நிர்வாகியாக வைத்து, அவருக்கு எதுவரை அதிகாரம் என்பதை எழுத்தில் கொடுங்கள். ஆட்டக்காரர்களை விற்ற தொகையில் எவ்வளவு அணிக்குத் திரும்புகிறது என்பதை வெளியிடுங்கள். ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றை ஊர் முன் வையுங்கள். இவை முடியாதென்றால், பொறுப்பான ஒருவரிடம் நியாயமான விலைக்கு ஒப்படையுங்கள்.

அடுத்தது பிரிட்டன் அரசுக்கு. 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்துவிட்டது. முதல் ஐந்து நிலைகளில் உள்ள கிளப்புகளுக்கு உரிமம், முதலாளிகளின் தகுதிச் சோதனை, ரசிகர்களைக் கலந்தாலோசிக்கும் கட்டாயம் எல்லாம் அதில் இருக்கின்றன. சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்பும் அமைந்திருக்கிறது. அது கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய பணம் தடைபட்டால் மாற்று ஏற்பாடு என்ன, ரசிகர்களிடம் கடைசியாகப் பேசியது எப்போது என்ற கேள்விகளையும் உரிமத்தின் நிபந்தனைகளாக்க வேண்டும்.

இந்தியர்களாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. நம் நாட்டு நிறுவனம் இன்னொரு நாட்டின் ஊருக்குள் போய் அதன் அடையாளத்தை விலைக்கு வாங்கியிருக்கிறது. அங்கே அது கெட்ட பெயர் எடுப்பது நமக்கு அழகல்ல. கிளப்பின் பங்குகள் புனேயில் இருக்கலாம். சீசன் டிக்கெட்டை மூன்று தலைமுறையாக வாங்கி வரும் குடும்பங்கள் பிளாக்பர்னில்தான் இருக்கின்றன. வெங்கீஸ் குடும்பம் அவர்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.